அந்தச் சுவரைச் சும்மா விட்டு வை

ராசா, நேற்றுச் சாயங்காலம் நீ போனில் அனுப்பிய மூன்று டிவிப் படங்களையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்றும் கறுப்பாக ஒன்றுபோலத்தான் இருந்தன. கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். ஐம்பத்தைந்து இஞ்ச், ஃபோர் கே, சலுகை இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, எதை வாங்கலாம் என்று நான் சொல்ல வேண்டுமாம். என் பதில் இதுதான்: எதையும் வாங்காதே. உன் புது வீட்டில் பால் காய்ச்சி முடிகிறவரைக்கும் அந்தப் பட்டனை அமுக்காதே. ஏற்கெனவே அமுக்கிவிட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லித் திருப்பிவிடு. காரணத்தைப் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இது ஒளித்து மறைத்துப் படிக்க வேண்டிய கடிதம் இல்லை. உன் பெண்டாட்டியிடம் கொடு, அவளும் படிக்கட்டும். உன் கம்பத்து அத்தை கையில் கிடைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. யார் என்ன நினைப்பார்களோ என்று நடுங்குகிற வயதைத் தாண்டிவிட்டேன், கொஞ்சம் தாமதமாக.

நம் உத்தமபாளையம் வீட்டைக் கட்டியபோது நீ ஏழாம் வகுப்பு. ராயப்பன்பட்டிப் பக்கம் இருக்கிற தோட்டத்தில் திராட்சை அடுத்தடுத்து இரண்டு வெட்டு நன்றாக விளைந்தது, அந்தத் தெம்பில் உன் அப்பா அஸ்திவாரம் போட்டார். ஹால் மட்டும் பெரிதாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். வாடகை வீட்டில் நாலு பேர் வந்தால் முட்டி இடிக்க உட்கார்ந்த எரிச்சல் எனக்கு. பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது உன் பாண்டி மாமா கெங்குவார்பட்டியிலிருந்து பார்க்க வந்தான். என் கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான், எனக்கு இளையவன். மாந்தோப்பைக் குத்தகைக்குப் பிடித்துப் பிழைக்கிறவன், அன்றைக்கும் சட்டையில் மாம்பால் கறையோடுதான் வந்தான். ஹாலில் அங்குமிங்கும் நடந்தான், ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தான், பிறகு வயரிங் செய்துகொண்டிருந்தவரைக் கூப்பிட்டு ஒரு சுவரைத் தட்டிக் காட்டினான். "இங்கன நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு பிளக் பாயிண்டு வச்சிருங்கண்ணே. ஜன்னல் வெளிச்சம் இதுல அடிக்காது" என்றான். எதற்குப்பா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், திரும்ப இங்கே வருவேன்.

உன் பெண்டாட்டி சென்னையில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் ஒருத்தி புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள் என்றால் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து சீர் வர வேண்டும், அவள் புருஷனின் தாய்மாமனும் தன் பங்குக்குச் செய்வார். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் கூடி, தட்டுகளைப் பெண்கள் கையில் வரிசையாகக் கொடுத்து, மேளத்தோடு நடந்து வருவார்கள். தேங்காய், பழம், சேலை, வேட்டி, பித்தளைப் பானை எல்லாம் இருக்கும். அது போக வீட்டுக்கென்று ஒரு பெரிய பொருள் இருக்கும். வந்திருக்கிற சனம் அந்தப் பெரிய பொருளைத்தான் பார்க்கும். பார்த்துவிட்டு, இவளுக்கு ஆள் இருக்கிறது என்று மனசில் குறித்துக்கொள்ளும். கட்டிக்கொடுத்த வீட்டில் ஒருத்தி எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்பதைக்கூட அந்தப் பொருள்தான் முடிவு செய்தது என்றால் உன் பெண்டாட்டி சிரிப்பாள். நானும் சிரித்தவள்தான். படித்தவள், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்தவள், இதையெல்லாம் வாயால் ஆயிரம் கிண்டல் பண்ணியிருக்கிறேன். உள்ளுக்குள் எனக்கும் அந்த ஆசை இருந்தது, அந்தப் பயமும் இருந்தது.

விசேஷம் நெருங்கியபோது மாமா போன் பண்ணினான். வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். "எதுவும் வேண்டாம்ப்பா, நீங்க குடும்பத்தோட வந்து நின்னாப் போதும்" என்றேன். எல்லா அக்காக்களும் சொல்கிற பதில்தான். கேட்பது ஒரு மரியாதை, வேண்டாம் என்பது ஒரு மரியாதை. அன்றைக்கே உன் அப்பாவின் அக்கா, அதுதான் உன் கம்பத்து அத்தை, வீட்டைப் பார்க்க வந்தார். அவர் வீட்டுப் பால் காய்ச்சலுக்கு உன் அப்பா இரட்டைக் கதவு ஃபிரிட்ஜைக் கொண்டுபோய் இறக்கியிருந்தார். அத்தை ஹாலைச் சுற்றி வந்து, அந்த வெறும் சுவர் முன்னால் நின்று, "கெங்குவார்பட்டிக்காரக என்ன செய்யப் போறாகளோ" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னாரா, சும்மா சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அந்த வருஷம் பூவெல்லாம் மழையில் உதிர்ந்து மாமாவுக்கு மாங்காய் சரியாகக் காய்க்கவில்லை. பாவம், தம்பி ஒரு குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிடுவான், நாலு பேர் முன்னால் அவனுக்குத்தான் தலைகுனிவு, அதனால்தான் நாங்களே டிவி வாங்கி முந்திக்கொண்டோம் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன்.

உன் அப்பாவை இழுத்துக்கொண்டு தேனிக்குப் போனேன். அவர் பஸ்ஸிலேயே சொன்னார், கொஞ்சம் பொறு, உன் தம்பி மனசில் ஏதாவது வைத்திருப்பான் என்று. அந்த மனுஷன் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் நான் கேட்பது அதைவிட அபூர்வம். கடையில் ஒரு சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது. விற்பனையாளர் முதலில் கேட்டது, சோபாவுக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான். தூரம் கூடக் கூடத் திரையும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிற மாதிரியே இருக்காது என்றார். பிறகு எச்.டி. பாடம் ஆரம்பித்தது. சின்னத் திரைகளில் வருவது எச்.டி. ரெடி, அதில் புள்ளிகள் குறைவு. ஃபுல் எச்.டி. என்றால் புள்ளிகள் நெருக்கம், மீனின் செதிலைக்கூட எண்ணலாம். 'ரெடி'க்கும் 'ஃபுல்'லுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம். நாற்பத்திரண்டு இஞ்ச் ஃபுல் எச்.டி.யை எடுத்தோம். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் ஆள் வந்து, சுவரில் ஓட்டை போட்டு மாட்டிவிட்டுப் போனார். பிளக் பாயிண்டு அளவெடுத்து வைத்ததுபோல் சரியாக அதற்குப் பின்னால் இருந்தது.

மறுநாள் பால் பொங்கி முடிந்து கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் மேளம் கேட்டது. வாசலுக்கு ஓடினேன். முன்னால் தட்டுகள் வந்தன, நடுவில் மாமா பெண்டாட்டி செல்வி பித்தளைப் பானையோடு வந்தாள். பின்னால் மாமாவும் பங்காளி ஒருவரும் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். பெட்டியின் மூலைகளில் சந்தனமும் குங்குமமும், குறுக்கே ஒரு ரோஜா மாலை, வெளியில் டிவிப் படம். தன் தோப்பில் எவ்வளவு காய்த்தாலும் அவன் முகத்தில் அப்படி ஒரு கர்வத்தை நான் பார்த்ததில்லை. உள்ளே வந்தவன் யாரையும் கேட்காமல் நேராக அந்தச் சுவர் பக்கம் திரும்பினான். அங்கே எங்கள் டிவி பொட்டு வைத்துப் பூச்சூடித் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். மேளக்காரர்கள் விஷயம் தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் அப்பாவைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். நாலு திருகாணி, அவ்வளவுதான் வேலை. ஆனால் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, அந்த வெட்கத்தை மறைக்க வாயைத் திறந்தேன். பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தேன். "எச்.டி. ரெடிதானாப்பா? முப்பத்திரண்டு இஞ்சு இந்த ஹாலுக்குக் காணாதே. சரி, பெட்ரூம்ல வச்சுக்கிருவோம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அது வேறு. அத்தை கேட்டார், வந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். மாமா பெட்டியை இறக்கி வைத்தான். மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது, அதை நேராக்கினான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "எதுவும் வேண்டாம்னு சொன்னேல்ல அக்கா. நான்தான் நம்பாமப் போயிட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுது அன்றைக்கே முடித்திருப்போம். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. மாமா ஏன் நம் வீட்டில் தங்குவதில்லை என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய், தோப்பில் வேலை என்று நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவன் வராமல் இல்லை, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்தான். ஆனால் முன்னால் சித்திரை பிறந்தால் சாக்கு நிறைய மாம்பழத்தைத் தோளில் சுமந்து வந்து, "ஏலே மாப்ள, வந்து பிடிடா" என்று வாசலிலேயே உன்னை ஏவுகிறவன், பிறகு கடையில் நூல் கட்டிக் கொடுத்த இனிப்புப் பெட்டியோடு வர ஆரம்பித்தான். இனிப்புப் பெட்டி யார் கொண்டு வருவார்கள்? ஆபீஸ்காரர்கள் கொண்டு வருவார்கள், மாடி வீட்டுக்குக் குடி வருகிறவர்கள் கொண்டு வருவார்கள். பெட்டியை டீப்பாய் மேல் வைப்பான், நாற்காலி நுனியில் உட்கார்ந்து காபி குடிப்பான், வருகிறேன் அக்கா என்று எழுந்துவிடுவான். உன் கல்யாணத்தில் தாய்மாமன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தான். என்ன வேண்டும் என்று என்னிடம் மட்டும் கேட்கவில்லை. உன் அப்பாவிடம் விசாரித்துக்கொண்டான்.

அவன் கொண்டுவந்த டிவிப் பெட்டியைப் பிரித்தது நீதான். பெட்ரூமில் ஒரு ஸ்டூல் மேல் வைத்து, சத்தத்தைக் குறைத்துக் கிரிக்கெட் பார்ப்பாய். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு நீ எதைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? பேருக்கு ஹாலில் பெரிய டிவி இருந்ததே தவிர, நீ வளர்ந்ததெல்லாம் அந்தச் சின்ன டிவி முன்னால்தான். பெரிய டிவி கோடு விழுந்து போய், அதற்குப் பிறகு வந்ததும் போய்விட்டது. மாமா கொடுத்த சின்னது உன் ரூமில் இன்னும் இருக்கிறது. இதை ஒரு நாளாவது அவனிடம் சொல்லியிருக்கலாம். பிள்ளை உன் டிவியைத்தான் பார்க்கிறான் தம்பி என்று ஒரு வார்த்தை. சொன்னால் என் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று சொல்லாமலே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். எவ்வளவு அற்பமான பிடிவாதம் பார்.

இப்போது அந்தப் பிளக் பாயிண்டுக்கு வருகிறேன். தம்பி டிவி கொண்டு வருவான் என்று எனக்கெப்படித் தெரியும் என்றுதான் உன் அப்பாவிடம்கூட இதுவரை சாதித்திருக்கிறேன். நெஞ்சு உயரத்தில், நடுச் சுவரில், வெளிச்சம் அடிக்காத இடமாகப் பார்த்து ஒருத்தன் பாயிண்டு வைக்கச் சொன்னால் அது இஸ்திரிப் பெட்டிக்கா? எனக்குத் தெரியும் ராசா. குக்கர் கதையெல்லாம் நான் கட்டியது. டிவி வரும் என்று தெரியும், எவ்வளவு சின்னதாக வரும் என்றுதான் பயந்தேன். எங்கள் ஊரில் பஞ்சாயத்து டிவி வந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு அவன் முன்னாலேயே ஓடிப்போய் முதல் வரிசையில் துண்டை விரித்து எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். நான் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு ஆடி அசைந்து போவேன். எத்தனை பேர் ஏசினாலும் அந்த இடத்தை விடமாட்டான். என் வீட்டில் அவனுக்கென்று ஒரு சுவர் இருந்தது, அதை நான் பிடித்து வைக்கவில்லை. இதை நினைக்காமல் அந்த ஹாலைக் கூட்டிப் பெருக்கிய நாள் எனக்கு இல்லை.

நேற்றுக் காலையில் உன் பால் காய்ச்சலுக்கு முறையாகச் சொல்ல கெங்குவார்பட்டிக்குப் போனேன். அப்பாவுக்கு மூட்டு வலி, நான் மட்டும்தான் போனேன். மாமா தோப்பில் வைக்கோலைப் பரப்பி மாம்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. செல்வி மோர் கொடுத்தாள். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டினேன், கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். கொஞ்ச நேரம் உன் வேலையைப் பற்றி, கோயம்புத்தூர் வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு அவனாகவே கேட்டான், மருமகனுக்கு வீட்டுக்கு என்ன வேணுமாம் என்று. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னிடம் கேட்கிறான். எதுவும் வேண்டாம்ப்பா என்கிற பழைய பதில் தானாக நாக்குக்கு வந்துவிட்டது, கடித்து விழுங்கினேன். "அவன் டிவி வாங்கலப்பா. சொவத்தச் சும்மா விட்டிருக்கான்" என்றேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். அவன் ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நிமிராமல் கேட்டான்.

"எச்.டி. ரெடி போதுமா அக்கா?"

செல்வி எழுந்து உள்ளே போய்விட்டாள். குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தப்பாக வாங்கிவிடக் கூடாதே என்று விசாரிக்கிறவன் மாதிரி, மெதுவாகக் கேட்டான். நான் சிரித்துக்கொண்டே போட்ட ஒரு வார்த்தையை இவன் இத்தனை வருஷம் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். அழுதேன். தப்புடா தம்பி என்றேன். விடு அக்கா, டிவிதானே என்றான். அவன் விடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கிளம்பும்போது அந்தப் பழக் குவியலைப் பார்த்தேன், அவன் எடுத்துத் தரவில்லை. முன்பு என்றால் பார்க்காத மாதிரி வந்திருப்பேன். நேற்று வாய்விட்டுக் கேட்டேன். "ஒன் மச்சானுக்கு ரெண்டு பழம் குடுடா" என்றேன். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்து பை நிறையப் பொறுக்கிப் போட்டான். நல்லதாகப் பார்த்துப் போட்டானா, கைக்கு வந்ததைப் போட்டானா என்று கவனிக்கிற நிலையில் நான் இல்லை. பை கனத்தது, அது போதும் என்று தூக்கிக்கொண்டு வந்தேன். பெரியகுளத்தில் பஸ் மாறி, தேனியில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உன் மூன்று படங்களும் போனில் வந்து விழுந்தன. எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. அம்மா செய்ததையே பிள்ளையும் செய்யப் பார்க்கிறான், அதுவும் சலுகையில்.

உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். நம்மிடம்தான் பணம் இருக்கிறதே, மாமாவை எதற்குச் செலவில் இழுத்துவிட வேண்டும் என்பாய். நல்ல எண்ணம்தான். ஆனால் அவன் தன் தோதுக்கு மீறி எதுவும் செய்கிறவன் இல்லை, தன் தோதுக்கு ஒன்று செய்தால் அதை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவன். எவரிடமும் கை நீட்டாதே என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தவள் நான். சொந்தக்காரனிடம் உரிமையோடு கேட்பது கை நீட்டுவது ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே போனால் ஒரு நாள் எதிரில் இருப்பவன் அதை நம்பிவிடுவான். உன் பெண்டாட்டிக்கும் ஒரு தம்பி இருக்கிறான் இல்லையா? அவன் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டு வந்தாலும் அதற்கும் ஓர் ஆணி அடிக்க இடம் வைத்திரு.

இன்றைக்கே மாமாவுக்கு நீயே போன் பண்ணு. டிவி நீங்கதான் மாமா வாங்கணும் என்று சொல்லிவிட்டு வை. இஞ்ச் சொல்லாதே, மாடல் சொல்லாதே, படம் அனுப்பாதே. ரூமில் இருந்த சின்ன டிவியைப் பற்றி மட்டும் சொல், அதை நான் சொல்வதைவிட நீ சொன்னால்தான் நம்புவான். அவன் டிவியோடு வருவானா, நூல் கட்டிய இனிப்புப் பெட்டியோடு வருவானா என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இனிப்புப் பெட்டியோடு வந்தால் அந்தச் சுவர் கொஞ்ச நாள் அப்படியே கிடக்கட்டும். அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், எனக்கு அது வேண்டும். டிவியோடு வந்தால் எங்கே மாட்டுவது என்று அவனையே கேள். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிக்க வேண்டாம், முக்கியமாக நான். உன் ஹாலும் நீளமான ஹால். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் படம் சின்னதாகத் தெரியலாம். தெரிந்தால், சோபாவை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்.